புள்ளியில் சேராத பயணிகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சுவீடனில் செய்த எனாமல் பாத்திரங்கள் இன்றும் விற்பனைக்கு உண்டு. ஒரு காலத்தில் செட்டிநாட்டு வீடுகளில் சீர் சாமானாக அடுக்கி வைத்திருந்தவை. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், சுவீடன் எனாமல் என்று உலகமே இந்த ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பாத்திரங்களை எண்ணிப் பூட்டி வைத்த பெண்கள் பெரும்பாலும் கடல் தாண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் ஆண்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் 'கொண்டுவிக்க'ப் போனார்கள். கடைச் சம்பள ஒப்பந்தம் வழக்கமாக மூன்று ஆண்டு. அதுவரை மனைவி ஊரில்தான். வீட்டு வரவு செலவும் கோயில் காரியமும் ஆச்சிமார் கையில் இருந்தன. நிர்வாகம் பெண்களிடம், பயணம் ஆண்களிடம்.

யார் இணை என்பதற்கும் இங்கே ஒரு கணக்கு உண்டு. நகரத்தார் வழக்கில் திருமணமான ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு 'புள்ளி'. கோயில் வரி அந்தக் கணக்கில்தான் வாங்கப்படும். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. இந்தச் சமூகத்தில் மட்டும்தான் இப்படி என்றில்லை. ரேஷன் அட்டை முதல் வாடகை வீடு வரை நம் எல்லாக் கணக்குகளும் ஏதோ ஒரு புள்ளி முறையில்தான் நடக்கின்றன. அதில் சேராத இரண்டு பெண்கள் ஒன்றாக ஊரைவிட்டுப் புறப்பட்டால் அந்தப் பயணத்துக்கு இன்னொரு பெயர் கிடைக்கும்: 'காணவில்லை.'

காரைக்குடிக்கு அருகிலுள்ள பெருநகரமான மதுரையிலிருந்து 2021இல் இரண்டு இளம்பெண்கள் சென்னைக்குப் போனார்கள். இருவரும் வயதுவந்தவர்கள், சேர்ந்து வாழ விரும்பியவர்கள். பெற்றோர் புகார் கொடுத்தார்கள், காவல்துறை தேடியது. பாதுகாப்பு கேட்டு அந்தப் பெண்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். சுஷ்மா வழக்கு என்று அறியப்படும் இதில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள உளவியலாளர் ஒருவரிடம் தாமே போய் அமர்ந்தார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு, வயதுவந்த இணையர் தம் விருப்பத்தோடு போயிருந்தால் வாக்குமூலம் வாங்கி, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்றது. மதுரையிலிருந்து சென்னைக்குப் போய் அங்கே சேர்ந்து தங்குவதற்கே இரண்டு பெண்களுக்கு ஒரு நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது.

பெண் இணையர் அச்சமின்றிச் சுற்றிவரத் தக்கவை என்று பயணக் கட்டுரைகள் வடக்கு ஐரோப்பிய நாடுகளைச் சொல்கின்றன. அந்த வரவேற்பும் பனியைப் போல வானத்திலிருந்து விழுந்ததல்ல. பின்லாந்தின் குற்றச் சட்டம் 1894 முதல் 1971 வரை பெண்களுக்கிடையிலான உறவையும் குற்றமாக்கியது. பெண்கள் தண்டனையும் பெற்றார்கள். சுவீடன் 1944இல்தான் அதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது; 1979 வரை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. டென்மார்க் 1989இல் உலகிலேயே முதலாவதாக ஒருபால் இணையரைப் பதிவு செய்தது. முழுத் திருமண உரிமை நார்வே, சுவீடனில் 2009இலும், ஐஸ்லாந்தில் 2010இலும், டென்மார்க்கில் 2012இலும், பின்லாந்தில் 2017இலும் வந்தது. ஒவ்வொன்றும் அந்நாட்டு இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது.

ஐஸ்லாந்துப் பிரதமர் யோஹன்னா சிகுர்தார்தோத்திர், அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2010 ஜூன் 27 அன்றே தம் நீண்டகாலத் துணைவியான எழுத்தாளர் யோனினாவை மணந்தார். அந்த ஆண்டே இருவரும் அரசுமுறைப் பயணமாகப் பரோயே தீவுகளுக்குப் போனார்கள். அங்கே ஒரு கட்சித் தலைவர், யென்னிஸ் அவ் ரானா, அவர்களோடு விருந்தில் உட்கார மறுத்தார். வடக்கிலும் எல்லா மேசையிலும் இடம் இருந்ததில்லை. ஆனாலும் விருந்து நடந்தது. யோனினா பிரதமரின் துணைவியாகவே வந்துபோனார். அவருடைய இடம் யாருடைய மனநிலையையும் நம்பி இருக்கவில்லை. அது ஏட்டில் எழுதப்பட்டிருந்தது.

வரவேற்பு என்பதன் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். சிரித்த முகமும் வானவில் கொடியும் நல்லவையே. ஆனால் ஒருத்தி மருத்துவமனையில் படுத்தால் மற்றவள் யார் என்று விளக்கம் சொல்ல வேண்டியிராத நிலைதான் வரவேற்பு.

அந்த ஏடு நம் விமான நிலையத்தோடு செல்லாததாகிவிடுகிறது. முறையான விசாவோடு வரும் வெளிநாட்டு இணையரும் டென்மார்க்கில் மணம் செய்துகொள்ளலாம். அந்தச் சான்றிதழோடு சென்னையில் இறங்கும் இரண்டு இந்தியப் பெண்கள் சட்டத்தின் பார்வையில் வெறும் தோழிகள். ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கோபன்ஹேகனுக்குப் போய்வர விசாவும் பணமும் உள்ளவர்களுக்கே இந்த நிலை. தேவகோட்டையிலோ திருப்பத்தூரிலோ பேருந்துக் காசைச் சிறுவாடு சேர்க்கிற பெண்ணுக்கு?

அவளுக்கு உதவக்கூடியவை இங்கேயே தொடங்கியிருக்கின்றன. குடும்பத்தார் அடைத்துவைத்த 25 வயதுப் பெண்ணுக்காக அவருடைய இணை போட்ட ஆட்கொணர்வு மனுவில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. இணையர் தங்கள் உறவை ஒப்பந்தமாகப் பதிவு செய்ய வழிசெய்யலாம் என்று 2023 நவம்பரிலேயே நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மாநில அரசுக்கு யோசனை கூறியிருந்தார். பெண்ணிய இயக்கங்கள் அரசிடம் விடாமல் கேட்க வேண்டியது இந்தப் பதிவேட்டைத்தான். ஊரைவிட்டுப் போக மட்டுமல்ல, திரும்பி வந்து அதே தெருவில் இருவர் பெயரிலும் ஒரு வீடு பிடிக்கவும் அது வேண்டும்.