களைத்த காது கேட்பது என்ன?

1927 ஜூலை 23 அன்று பம்பாய் வானொலி நிலையம் தொடங்கியபோது, ஒலிபெருக்கும் ஆற்றலற்ற கிரிஸ்டல் பெட்டிகளுக்கு ஹெட்ஃபோனே துணை. அக்காலக் கருவிகள் குரலைத் தந்தன, காதை வருத்தின. 1958இல் காஸ் நிறுவனம் ஸ்டீரியோ இசைக்கென ஹெட்ஃபோன் செய்தது. 1968இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 414 பின்புறம் திறந்த வகை: நுரைப்பஞ்சு, குறைந்த எடை, இயல்பான ஒலி, ஆயினும் வெளியிரைச்சல் உட்புகும்.

இவ்வேறுபாடு மொழிக் களஆய்வுக்கும் உரியது. தாராவியின் தையல் எந்திரங்களுக்கு நடுவே நெல்லை வழிவந்தோர் பேச்சைப் பதிவுசெய்ய, காதை முழுதும் மூடும் வகையே தகும். ஆனால் அது விரைவில் புழுங்கும், அழுத்தும். அப்பதிவை அமைதியான அறையில் மணிக்கணக்கில் கேட்டு எழுதத் திறந்த வகையே நன்று.

களைத்த காது, பேசியவர் ஒலித்த ளகரத்தை விட்டுத் தான் கற்ற ழகரத்தை எழுதிவிடும். ஆய்வில் காதின் சுகமும் சான்றின் ஒரு பகுதியே.