பல் மருத்துவமனையில் தொற்று: கொரோனாவும் வாணியம்பாடியும் தரும் பாடம்

பல் மருத்துவர் நோயாளியின் வாய்க்கு மிக அருகில் முகத்தை வைத்து வேலை செய்கிறார். சொத்தையைச் சுரண்டும் கருவி சுழலும்போது தண்ணீர், உமிழ்நீர், ரத்தம் கலந்த நுண்துளிகள் அறை முழுக்கப் பரவும். சுவாசத் தொற்றுக்கு இது மிக எளிய பாதை.

இதனால்தான் கொரோனா காலத்தில், 2020 மே 19 அன்று, மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவர்களுக்கெனத் தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் கிளினிக் திறக்கக் கூடாது. தொலைபேசி ஆலோசனை தரலாம். சிவப்பு மண்டலத்தில் அவசர சிகிச்சை மட்டும். என்95 மாஸ்க், முகத்தடுப்பு, சிகிச்சைக்கு முன் வாய் கொப்பளித்தல், நல்ல காற்றோட்டம் ஆகியவை வலியுறுத்தப்பட்டன.

நோய் தணிந்ததும் கவனமும் தணிந்தால் என்ன ஆகும்? திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் 2022-23இல் நடந்தது நம் கண்முன் இருக்கிறது. அங்கு ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் வந்தது. 8 பேர் இறந்தனர். வேலூர் சி.எம்.சி., தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையினர் செய்த ஆய்வு 2025இல் வெளியானது. சுத்திகரிக்காத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, அரைகுறையாக மூடி, மீண்டும் பயன்படுத்தியதை ஆய்வு சுட்டிக்காட்டியது. இது மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பாக்டீரியா. கொரோனா போன்ற வைரஸ் அல்ல. ஆனால் இரண்டுக்கும் கதவு ஒன்றுதான்: அலட்சியம்.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லவோ, அங்கிருந்து வெளியேறவோ வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர், விளையும் பாதிப்புக்குப் பொறுப்பாளி என்பதும் அவர்களின் போதனையே. தொற்றுத் தடுப்பை அறிவது மருத்துவ அறிவின் ஒரு பகுதி. பட்டம் பெற்றவரும் அதில் அலட்சியம் காட்டினால் அமானிதத்தை மீறியவராவார்.

ஆயக்குடியிலிருந்து பல் வலிக்குப் பழநிக்கோ திண்டுக்கல்லுக்கோ செல்லும் நாம் சிலவற்றைத் தயங்காமல் கேட்கலாம். கருவிகள் ஆட்டோகிளேவில் வைக்கப்பட்டவையா? 121 டிகிரி நீராவியில் குறைந்தது 15 நிமிடம் இருந்தால்தான் கிருமிகள் அழியும்; டெட்டாலில் முக்குவது போதாது. கையுறை நமக்கெனப் புதிதாக மாற்றப்பட்டதா? சலைன் பாட்டில் புதிதாகத் திறக்கப்பட்டதா?

நம் பக்கமும் கடமை உண்டு. காய்ச்சல், இருமல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும். நமக்குப் பிறகு அதே நாற்காலியில் அமர்பவரும் அல்லாஹ்வின் அடியாரே.