பிரிட்டனில் நாய் விடுதிகள்: ஒரு வரலாறு

வெளியூர் செல்லும்போது வளர்ப்பு நாயைக் கட்டணம் செலுத்தி ஒரு விடுதியில் விட்டுச்செல்வது பிரிட்டனில் இன்று பரவலான வழக்கம். அந்த விடுதி உரிமம் பெற்றிருக்க வேண்டும்; நாயின் தடுப்பூசிச் சான்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்; தங்குமிடத்தின் பரப்பும் வெப்பமும்கூட வரையறுக்கப்பட்டுள்ளன. இந்த விதிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. முதலில் மனிதரை நாயிடமிருந்து காக்கவும், பிறகு நாயை விடுதியிலிருந்தே காக்கவும் அவை படிப்படியாக எழுதப்பட்டன.

தொடக்கத்தில் இருந்தது ரேபிஸ் என்னும் வெறிநோய் அச்சம். 19ஆம் நூற்றாண்டின் லண்டன் தெருக்களில் நாய்கள் திரளாக அலைந்தன. மேரி டீல்பி என்ற பெண்மணி 1860இல் ஹாலோவே பகுதியில் தொலைந்துபோன, பட்டினி கிடந்த நாய்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். 1871இல் பேட்டர்சிக்கு இடம் மாறிய அந்த இல்லம் இன்றும் இயங்குகிறது. பரிவு ஒரு பக்கம் வளர, அச்சமும் வளர்ந்தது. 1890களின் பிற்பகுதியில் வேளாண் வாரியத் தலைவர் வால்டர் லாங், நோய் கண்ட பகுதிகளில் நாய்களுக்கு வாய்க்கூடு மாட்டுவதைக் கட்டாயமாக்கினார். நாய் வளர்ப்போர் கடுமையாக எதிர்த்தும் அவர் பின்வாங்கவில்லை. 1902இல் பிரிட்டனிலிருந்து வெறிநோய் ஒழிந்தது.

உள்நாட்டில் நோயை ஒழிக்கும்போதே அது கடல் தாண்டி வராமல் தடுக்க, வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களைத் தனித்து வைக்கும் முறை 1897இல் தொடங்கியது. 1901இல் அதன் காலம் ஆறு மாதம் என்று ஆனது. கடிபட்ட நாய்க்கு நோய் வெளித்தெரியச் சில வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். அதுவரை நாய் நலமாகவே தோன்றும். அந்த நிலையில் நோயைக் கண்டறியும் சோதனை இல்லாததால் காத்திருப்பதே ஒரே வழி. சென்னையிலோ கொழும்பிலோ பணி முடித்துத் தாயகம் திரும்பிய ஆங்கிலேயரின் நாய்களும் இந்த ஆறு மாதத்துக்குத் தப்பவில்லை.

இந்தக் கட்டாயக் காத்திருப்பால் நாய்களை மாதக்கணக்கில் பராமரிக்கும் இடங்கள் தேவைப்பட்டன. லண்டனுக்குத் தெற்கே ஹாக்பிரிட்ஜில் இருந்த கூடங்கள் அவற்றுள் பெயர்பெற்றவை. ஷேக்கல்டனின் அண்டார்க்டிகப் பயணத்துக்கான நூற்றுக்கும் மேற்பட்ட பனிச்சறுக்கு வண்டி நாய்கள் 1914இல் அங்கேதான் தங்கவைக்கப்பட்டன. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் இந்த முறையின் அருமை புரிந்தது. போர்முனையில் பழகிய நாய்களைச் சில வீரர்கள் மறைத்துக் கொண்டுவந்ததால் 1918இல் டெவன், கார்ன்வால் பகுதிகளில் வெறிநோய் மீண்டும் பரவியது. 1922இல் அடங்குவதற்குள் 300க்கும் மேற்பட்ட விலங்குகளுக்கு அது தொற்றியிருந்தது. திரும்பிவரும் வீரர்களின் நாய்களைத் தனித்து வைத்துப் பராமரிக்கும் செலவை நீலச் சிலுவை போன்ற அறக்கட்டளைகள் ஏற்றன.

செலவைவிடப் பிரிவே பலருக்குப் பெரும் சுமையாக இருந்தது. ஆறு மாதம் என்பது நாயின் ஆயுளில் சிறிய பங்கு அல்ல. 1968இல் லண்டன் வந்த நடிகர் தம்பதி எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் தங்கள் நாய்களைக் கரையிறக்காமல், தேம்ஸ் ஆற்றில் வாடகைக்கு அமர்த்திய உல்லாசப் படகிலேயே வைத்துக்கொண்டார்கள்.

உள்நாட்டு விடுமுறைக்கான நாய் விடுதிகளின் கதை வேறு. 1938இல் வந்த ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டமும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருகிய கார்களும் கோடைப் பயணத்தைச் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டவைத்தன. நாயை விட்டுச்செல்ல இடம் தேடுவோர் பெருகினர். ஆனால் விடுதி நடத்த உரிமம் தேவைப்படவில்லை. கொட்டகை இருந்தவரெல்லாம் நடத்தலாம் என்ற இந்த நிலையை 1963ஆம் ஆண்டின் விலங்கு விடுதிகள் சட்டம் மாற்றியது. நாய், பூனை விடுதிகள் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் பெற வேண்டியதாயிற்று. இட அளவு, வெப்பம், வெளிச்சம், காற்றோட்டம், தூய்மை, உணவு, படுக்கை, நடமாட்டம், நோயுற்றதைத் தனியே வைக்கும் வசதி, தீ விபத்து ஏற்பாடு ஆகியவை கவனிக்கப்பட்டன. ஒரு பதிவேடும் கட்டாயமாயிற்று. நாயின் அடையாளம், வந்த நாள், போன நாள், உரிமையாளரின் பெயர், முகவரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். நோயோ காணாமற்போதலோ நேர்ந்தால், எந்த நாய் எப்போது எந்த நாயோடு அங்கே இருந்தது என்பதை அந்த ஏடே சொல்லும். ‘போதுமான’ இடம் எவ்வளவு என்பதை மட்டும் சட்டம் எண்ணால் சொல்லவில்லை. அதனால் ஊருக்கு ஊர் அளவுகோல் மாறியது.

இதற்கிடையே வெளிநாட்டு நாய்களுக்கான ஆறு மாதத் தனிமைக் காவலும் பிழையற்றதல்ல என்று தெரிந்தது. ஜெர்மனியிலிருந்து வந்து காவல் முடித்த ஃபிரிட்ஸ் என்ற நாய்க்கு, வெளியே வந்த சில நாட்களிலேயே 1969இல் கேம்பர்லியில் வெறிநோய் கண்டது. மறு ஆண்டு நியூமார்க்கெட்டில், பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு நாய்க்கும் காவல் முடிந்த பின் வெறிநோய் கண்டது. இவற்றை விசாரிக்க அமைந்த வாட்டர்ஹவுஸ் குழு 1971இல் அறிக்கை தந்தது. காவலில் இருக்கும் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயமாயிற்று. ஒரு நாய் மற்றொன்றைத் தொட முடியாதபடி கூடங்கள் அமைவதன் அவசியமும் உணரப்பட்டது.

1978இல் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் சாதாரண விடுதிகளையும் சோதித்தது. நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறும் இந்த வைரஸ் தரையில் பல மாதம் உயிர்ப்போடு இருக்கும். வெறும் நீர் ஊற்றிக் கழுவினால் போகாது. காற்றில் பரவும் விடுதி இருமலும் நெருக்கமாக அடைத்த இடங்களில் விரைவாகத் தொற்றும். தடுப்பூசிச் சான்று, கிருமிநாசினி, கூடங்களுக்கிடையே முழுத் தடுப்பு ஆகியவற்றை நல்ல விடுதிகள் விடாமல் பற்றியதற்குக் காரணம் இதுதான். தப்பி ஓடுவதைத் தடுக்க இரட்டைக் கதவு முறையும் வந்தது. கூடத்தின் கதவைத் திறப்பதற்கு முன் நடைவழியின் வெளிக்கதவு சாத்தப்பட்டிருக்கும். பழக்கமில்லாத இடத்தில் மிரண்டு பாயும் நாய் நடைவழியோடு நின்றுவிடும்.

தடுப்பூசியும், தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லும், இரத்தப் பரிசோதனையும் நம்பகமானபின் ஆறு மாதக் காவலின் தேவை குறைந்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று தொடங்கிய செல்லப்பிராணிப் பயணத் திட்டம், தகுதிபெற்ற நாடுகளிலிருந்து வரும் நாய்களைக் காவலின்றி அனுமதித்தது. நாயை உடன் அழைத்துச் செல்வது எளிதானபோதும் விடுதிகளின் தேவை குறையவில்லை. முதிய நாய், பயணம் ஒவ்வாத நாய், குறுகிய பயணம் எல்லாவற்றுக்கும் அவை வேண்டியிருந்தன.

இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2018 அக்டோபர் 1 அன்று புதிய உரிம விதிமுறைகள் பிடித்தன. முன்பு தெளிவற்றிருந்தவை இப்போது எண்களாயின. உறங்கும் இடத்தின் வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாமலும் 26 டிகிரிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி, லெப்டோஸ்பைரோசிஸ் நோய்களுக்குத் தடுப்பூசி வேண்டும். ஒரே வீட்டு நாய்கள் மட்டுமே ஒரு கூடத்தைப் பகிரலாம். அதற்கும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. வீட்டிலேயே நாய்களைத் தங்கவைப்போரும் பகல்நேரக் காப்பகங்களும் இவ்விதிகளுக்குள் அடங்கும். உரிமத்தோடு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திர மதிப்பும் தரப்படுகிறது.

எனவே இன்று இங்கிலாந்தில் ஒரு விடுதியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் உரிமத்தையும் நட்சத்திர மதிப்பையும் பார்க்கலாம். பிறகு நேரில் சென்று இரட்டைக் கதவையும், கூடங்களுக்கிடையே உள்ள தடுப்பையும், தனிமை அறையையும், பதிவேட்டையும் காட்டச் சொல்லலாம். தடுப்பூசிச் சான்றைக் கேட்காமலே நாயை ஏற்கும் விடுதி, ஏற்கனவே உள்ளே இருக்கும் நாய்களுக்கும் அதைக் கேட்டிருக்காது. அங்கே விடாமல் திரும்புவதே நாய்க்குச் செய்யும் நன்மை.