‘செட்’ என்னும் சிறுசொல்

1879ஆம் ஆண்டில், இலண்டனை அடுத்த மில் ஹில் என்னும் ஊரில், ஜேம்ஸ் மர்ரி என்ற பள்ளியாசிரியர் தம் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை எழுப்பினார். அதன் சுவர்களில் புறாக்கூண்டு போன்ற சிறு மாடங்கள் ஆயிரத்துக்கு மேல் அமைக்கப்பெற்றன. இலண்டன் மொழியியற் கழகம் 1857இல் திட்டமிட்ட ஆங்கிலப் பேரகராதிப் பணி அவ்வாண்டில்தான் அவர் கைக்கு வந்திருந்தது. முதற் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், கவிஞர் கோல்ரிட்ஜின் பேரர், 1861இல் முப்பது வயதிலேயே மறைந்தார். அதன்பின் பணி நெடுங்காலம் தள்ளாடிற்று. அதுவரை திரண்டிருந்த சொற்சீட்டுகள் ஏறக்குறைய இரண்டு டன் எடையில் மூட்டை மூட்டையாக வந்திறங்கின. ஒரு மூட்டையில் செத்த எலி கிடந்தது. இன்னொன்றில் எலிக்குடும்பம் ஒன்று உயிரோடு வாழ்ந்துகொண்டிருந்தது.

எலியினும் பெரிய தொல்லை ஒன்று சீட்டுகளைப் பிரித்து அடுக்கியபோது வெளிப்பட்டது. நூல்களைப் படித்து மேற்கோள் எடுத்தனுப்பிய அன்பர்கள் அருஞ்சொற்களையே தேடித் தேடி அனுப்பியிருந்தனர். ‘அபியூஷன்’ என்னும் வழக்கொழிந்த சொல்லுக்கு ஐம்பது மேற்கோள்கள் இருந்தன. நாள்தோறும் வழங்கும் ‘அபியூஸ்’ என்னும் சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. எளிய சொற்களை யாரும் கண்ணெடுத்தே பார்க்கவில்லை. கற்றோர் கண் அரிய சொல்லிலேயே படியும். காலடியில் கிடக்கும் சொல்லை அது தாண்டிப் போய்விடும். புலவருலகுக்கு இது புதிய செய்தி அன்று. மர்ரி மீண்டும் வேண்டுகோள் விடுத்து, எளிய சொற்களுக்கும் மேற்கோள் அனுப்புமாறு கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

இத்துன்பத்தை மர்ரிக்கு முன்பே பட்டவர் சாமுவேல் ஜான்சன். 1755இல் தம் அகராதியை வெளியிட்ட அவர், பொருள் இறுகி நில்லாத சில சின்னஞ்சிறு வினைச்சொற்கள் தம் உழைப்பைப் பெரிதும் கூட்டிவிட்டன என்று முன்னுரையிலேயே முறையிட்டுள்ளார். ‘டேக்’ என்னும் ஒரு வினைக்கு மட்டும் 134 பொருள்களை அவர் வகுத்தார். முன்னுரையில் அவர் அடுக்கிக் காட்டிய தொல்லைச் சொற்களுள் ‘செட்’, ‘ரன்’ என்பனவும் உண்டு.

மர்ரியின் பேரகராதியில் ‘எஸ்’ எழுத்தின் முற்பகுதி ஹென்றி பிராட்லியின் பொறுப்பில் விழுந்தது. ஆகவே ‘செட்’ அவருக்கு வாய்த்தது. பிராட்லி பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். ஷெஃபீல்டு நகரில் கத்தி, முட்கரண்டி செய்து விற்கும் நிறுவனம் ஒன்றில் இருபதாண்டுக் காலம் கடிதப் போக்குவரத்து எழுத்தராக இருந்தவர். 1884இல் பேரகராதியின் முதற் பகுதி வெளிவந்தபோது அவர் எழுதிய மதிப்புரையின் ஆழம் மர்ரியை வியக்கவைத்தது. மதிப்புரைத்தவர் பின்னர்ப் பதிப்பாசிரியரே ஆனார். மேசைக்கத்திகளைச் ‘செட்’ கணக்கில் விற்கும் தொழிலில் இருந்து வந்தவர் அச்சொல்லுக்குப் பொருள் வகுக்க நேர்ந்தது ஓர் இனிய பொருத்தமே.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘செட்’ என்பது ஒரு சொல் அன்று, இரண்டு. வினைச்சொல் பழைய ஆங்கிலத்தின் ‘செட்டன்’ என்பதிலிருந்து வந்தது. ‘சிட்’ என்றால் இருத்தல், உட்கார்தல். அதன் பிறவினையே ‘செட்’. தமிழில் ‘இரு’ என்பது ‘இருத்து’ ஆவதுபோல், ‘திருந்து’ என்பது ‘திருத்து’ ஆவதுபோல், ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் தன்வினையைப் பிறவினையாக்கும் முறை உயிரோடு இருந்தது. படுத்தலைக் குறிக்கும் ‘லை’ கிடத்தலைக் குறிக்கும் ‘லே’ ஆனதும், விழுதலைக் குறிக்கும் ‘ஃபால்’ வீழ்த்தலைக் குறிக்கும் ‘ஃபெல்’ ஆனதும் அம்முறையின் எச்சங்களே. ஆங்கிலம் இழந்துவிட்ட அவ்வாற்றல் தமிழில் இன்றும் உள்ளது. இன்னும் பின்னே சென்றால், இந்த ‘செட்’ வடமொழியின் ‘சத்’ என்னும் வேருக்கு உறவு. அவையைக் குறிக்கும் ‘சதஸ்’, அருகமர்தலைக் குறிக்கும் ‘உபநிஷத்’ ஆகியவை அவ்வேரில் கிளைத்தவை.

பெயர்ச்சொல்லின் கதை வேறு. தொகுதி என்னும் பொருளுடைய ‘செட்’, இலத்தீனின் ‘செக்தா’ பழைய பிரெஞ்சில் ‘செத்’ ஆகி ஆங்கிலம் புகுந்தது. ‘செக்தா’ என்பது பின்பற்றுதலையும், பின்பற்றுவோர் கூட்டத்தையும் குறிக்கும். சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ இதன் உடன்பிறப்பு. ஒரு தலைவர் பின் சென்ற மாந்தர் கூட்டம், நாளடைவில் ஒன்றற்கொன்று இசைந்த பொருள்களின் கூட்டமும் ஆயிற்று. ஒலியால் இரண்டும் ஒன்றானபின், ஒன்றன் பொருள் மற்றொன்றில் கசிந்தது. ‘செட்’ என்று ஒருவர் சொல்லும்போது அதிலுள்ளது வைத்தலா, சேர்தலா என்று பிரித்தறிய முடியாத இடங்கள் பலவாயின.

வினைச்சொல்லின் வளர்ச்சி தொழில்களின் வரலாறாகவே அமைந்துள்ளது. பொற்கொல்லர் கல்லை மோதிரத்தில் பதித்தால் அது ‘செட்’. வைத்தியர் முறிந்த எலும்பை நேராக்கிக் கட்டினால் ‘செட்’. அச்சகத்தார் எழுத்துக் கோத்தாலும், இசைவாணர் பாடலுக்கு இசையமைத்தாலும், வேடர் பொறி வைத்தாலும், மாலுமி பாய் விரித்துப் புறப்பட்டாலும் அதே சொல். ஞாயிறு மறைவதும் ‘செட்’டே. பழைய ஆங்கிலத்தில் ஞாயிறு மறையும் பொழுதுக்கு ‘இருக்கை புகுதல்’ என்று பொருள்படும் கூட்டுச்சொல் ஒன்று இருந்தது. பகலெல்லாம் நடந்தவன் மாலையில் தன் இருக்கையில் அமர்கிறான் என்பது அக்கற்பனை. அதை உருவாக்கிய கவிஞர் யாரென்று எவரும் பதிந்துவைக்கவில்லை.

முரண்பட்ட பொருள்களும் இதில் உண்டு. சாந்து இறுகுவதும், பாகு உறைவதும் ‘செட்’. அவை அசைவற்ற நிலை. பயணம் புறப்படுவதும் ‘செட்’; அது அசைவின் தொடக்கம். உடன் வரும் சிறு இடைச்சொல்லே வேற்றுமையைச் செய்கிறது. பல பொருள் ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதைச் சார்ந்து வரும் வினையும் இனமும் காட்டிக்கொடுக்கும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் சொல்லும் நெறி. ‘மா’ பூத்தால் மரம், ஓடினால் விலங்கு என்பதை நம்மவர் நன்கறிவர். ‘செட்’ அந்நெறிக்கு அயல்மொழி தரும் சான்று.

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கேதான் இடர். ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் பிரெஞ்சு இளவரசன் இளைய மன்னனை இகழ்ந்து டென்னிஸ் பந்துகளைப் பரிசாக அனுப்புகிறான். மறுமொழியில் மன்னன் பந்தாட்டத்தின் ‘செட்’டைக் கொண்டே போரைச் சொல்கிறான்; ஆடுகளத்தின் சொற்கள் எல்லாம் போர்க்களத்துச் சொற்களாகின்றன. தமிழில் ‘ஆட்டம்’ என்றால் பாதி சிலேடை தப்பும், பாதி கைவிட்டுப் போகும். மேலே கூறிய தொழில்களுக்கோ தமிழ் பதித்தல், கட்டுதல், கோத்தல், அமைத்தல், உறைதல், சாய்தல் என்று தனித்தனி வினைகளை வைத்திருக்கிறது. இதை மட்டும் கண்டு தமிழே வளமானது என்று மேடையில் முழங்குவோர் ‘வை’ என்னும் ஓரெழுத்து வினையை எண்ணிப் பார்ப்பதில்லை. பொறி வைக்கிறோம், தீ வைக்கிறோம், குழம்பு வைக்கிறோம், பொட்டு, பெயர், விலை, அன்பு, குறி எல்லாம் வைக்கிறோம். ‘செய்துவை’ என்று துணைவினையாகவும் வருகிறது. ‘வைதான்’ என்றால் ஏசினான். அது வேறு வினை. கூர்மைக்கும் ‘வை’ என்று பெயர். வைக்கோலுக்கும் ‘வை’ என்று பெயர். ஆங்கிலத்துக்குச் ‘செட்’ எப்படியோ, தமிழுக்கு ‘வை’ அப்படி.

கணித நூலோர் ‘செட்’டுக்குத் தமிழ் தேடிய வரலாறும் சுவையானது. கேன்டர் என்னும் செருமானியக் கணித அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வளர்த்த கோட்பாட்டுக்குரிய அச்சொல்லைத் தமிழகப் பாடநூல்கள் ‘கணம்’ என்றன. கூட்டத்தைக் குறிக்கும் வடமொழிக் ‘கண’மும், நொடியைக் குறிக்கும் ‘க்ஷண’மும் தமிழ் ஒலியில் ஒன்றாகிவிட்ட சொல் அது. இரண்டு சொல் ஒன்றான ‘செட்’டுக்கு, இரண்டு சொல் ஒன்றான ‘கணம்’ ஈடாக வாய்த்தது யாரும் திட்டமிட்டதன்று. இலங்கைப் பாடநூல்களோ ‘தொடை’ என்றன. மோனையும் எதுகையும் அறிந்த பாவலர்க்கு அச்சொல்லைப் புதிதாக விளக்க வேண்டுவதில்லை. கோக்கப்பட்டது தொடை என்னும் பொருளால் அது ‘செட்’டின் உட்பொருளை இன்னும் நெருங்கிச் செல்கிறது.

பேரகராதி 1928இல் நிறைவுற்றபோது மர்ரியும் இல்லை, பிராட்லியும் இல்லை. முன்னவர் 1915இலும் பின்னவர் 1923இலும் மறைந்தனர். பத்தாண்டில் முடியும் என்று ஒப்பந்தமான பணி அது. இருபது தொகுதிகளாக 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’டுக்கே உரியது, ஏறக்குறைய அறுபதாயிரம் சொற்களில் 430க்கு மேற்பட்ட பொருள்கள். கின்னஸ் நூலோ பெயர் 58, வினை 126, எச்ச அடை 10 என்று கணக்கிட்டது; கூட்டினால் 194. ஒரே சொல்லுக்கு இரண்டு கணக்கு. கல் பதித்தலும் கண்ணாடி பதித்தலும் ஒரு பொருளா, இரு பொருளா? ஒருவர் ஒன்றென்பார், மற்றவர் இரண்டென்பார். பொருள்கள் பேசுவோர் வாயில் ஆறுபோல் ஓடுகின்றன; எண்ணிக்கை அகராதிக்காரர் போட்ட கரை. பின்னர் ‘ரன்’ முந்திக்கொண்டது. அவ்வினையைப் புதுப்பித்த பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் உழைத்து 645 பொருள்களைப் பிரித்தார் என்ற செய்தி 2011இல் வெளிவந்தது. எந்திரம் ஓடுவதும், கடை ஓடுவதும், நிரல் ஓடுவதும் பெருகிய காலத்துக்கு ஓட்டச்சொல் முந்தியது வியப்பில்லை.

தமிழ்நாட்டுக்குச் ‘செட்’ வந்த வழி தனி. முதலில் பெருக வந்தது பெயர்ச்சொல் பாதியே. எஞ்சினும் பம்பும் சேர்ந்தது பம்புசெட்டு. ஒலிபெருக்கியும் பெட்டியும் கம்பியும் சேர்ந்தது மைக்செட்டு. வளையல் செட்டு, செட் தோசை, திரைப்படத்துக்கு எழுப்பும் செட்டு, ஒருங்கே படித்த ‘நம்ம செட்டு’ என எங்கும் அது பரவிற்று. ‘நம்ம செட்டு’ என்பதில், ஒருவர் பின் சென்றோர் கூட்டம் என்ற பழைய இலத்தீன் பொருளின் நிழல் இருக்கிறது. வினைப்பாதியோ நேரே வரவில்லை. தமிழ் தன் துணைவினைகளை ஒட்டியே அதை ஏற்றது. கடிகாரத்தைச் ‘செட் பண்ணு’கின்றனர், வரன் நமக்குச் ‘செட் ஆகாது’ என்கின்றனர். இரண்டாவது பயன்பாட்டில் பொருந்துதல் என்பதே பொருள். பொது ஆங்கிலம் ‘செட்’டை இப்பொருளில் ஆள்வதில்லை. ஸ்காட்லாந்து வழக்கில் மட்டும் உடையோ நடத்தையோ ஒருவருக்குப் பொருந்துவதை இவ்வினையால் சொல்வது உண்டு. தமிழர் அதை அங்கிருந்து கற்றுக்கொள்ளவில்லை, தாமே கண்டடைந்தனர். ஜேம்ஸ் மர்ரி பிறந்தது ஸ்காட்லாந்தின் டென்ஹோம் என்னும் சிற்றூரில்.