பிரே விகார் வழக்கில் ஆவணமும் வாய்வாளாமையும்

கம்போடியா, தாய்லாந்து ஆகிய அண்டை நாடுகளிடையே பிரே விகார்க் கோயில் பற்றி எழுந்த பூசல், நூற்றாண்டுப் பழமை வாய்ந்த ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டது. அவ்வாவணங்கள் பூசலைத் தீர்த்தவாற்றையும் வளர்த்தவாற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

இக்கோயில் தாங்கிரெக் மலைத்தொடரின் விளிம்பில், செங்குத்தான பாறை முகட்டின்மேல் சிவபெருமானுக்கு எடுக்கப்பெற்றது. ஈண்டு இறைவன் பெயர் சிகரேசுவரர். தெற்கே பாறையின் கீழ்க் கம்போடியச் சமவெளி பரந்து கிடக்கின்றது. வடக்கே தாய்லாந்துப் பக்கமிருந்து ஏறிச் செல்லுதல் எளிது. இவ்வமைப்பே வழக்கிற்கு வித்தாயிற்று.

1904ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசும் சயாம் அரசும் செய்துகொண்ட உடன்படிக்கை, இம்மலைப் பகுதியில் மழைநீர் இருபுறமும் பிரிந்தோடும் மேட்டுக்கோடே எல்லை என்றது. ஆயின், பிரெஞ்சு அலுவலர் வரைந்து 1908இல் சயாமிடம் அளிக்கப்பெற்ற படம், கோயிலைக் கம்போடியப் பக்கத்தில் காட்டிற்று. சயாம் அதனை மறுத்திலது. 1930இல் சயாம் இளவரசர் டாம்ரோங் கோயிலுக்குச் சென்றபொழுது, பிரெஞ்சு அதிகாரி தம் நாட்டுக் கொடி பறக்க அவரை வரவேற்றார். அப்பொழுதும் மறுப்பு எழவில்லை.

கம்போடியா 1953இல் விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு தாய்லாந்து கோயிலிற் காவலரை நிறுத்தியது. 1958இல் நிகழ்ந்த பேச்சும் பயனின்றி முடியவே, 1959இல் கம்போடியா ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தை அணுகிற்று. 1962 சூன் 15ஆம் நாள், நீதிபதியருள் ஒன்பதின்மர் உடன்பட, மூவர் வேறுபட, கோயில் கம்போடியாவுக்கு உரியது என்று தீர்ப்பாயிற்று. மறுக்க வேண்டிய காலத்து வாய்வாளாதிருந்தமையால் சயாம் அப்படத்தை ஏற்றதாகும் என்பதே தீர்ப்பின் உயிர்நிலை.

எனினும், கோயிலிலும் கம்போடிய நிலமாகிய அதன் சூழலிலும் உள்ள படையினரைத் தாய்லாந்து விலக்குதல் வேண்டும் என்ற தீர்ப்பு, 'சூழல்' என்பதன் பரப்பை வரையறுத்துரைக்கவில்லை. தாய்லாந்து கோயிலை ஒட்டியே குறுகிய எல்லை வகுத்துக்கொண்டது. கம்போடியா அதனை உடன்படவில்லை. 2008இல் கோயில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றதை ஒட்டிப் பூசல் மீண்டும் மூண்டது. 2011 வரை இரு படைகளும் பலமுறை மோதின. 2013 நவம்பர் 11ஆம் நாள் அந்நீதிமன்றமே தன் பழைய தீர்ப்பிற்குப் பொருள் கூறி, கோயில் நிற்கும் மலைமுனை முழுதும் கம்போடியாவுக்கு உரியது என்று ஒருமனதாகத் தெளிவித்தது. அருகிலுள்ள பெனோம் திராப் குன்று அத்தீர்ப்பினுள் அடங்காது என்றும் கூறிற்று. ஒரு சொல்லின் பொருள் தெளிவுற ஐம்பது ஆண்டுகள் கழிந்தன.

அத்தெளிவும் எல்லை முழுமைக்கும் அமைதி தந்திலது. 2025 சூலையில் எல்லையின் பலவிடங்களில் ஐந்து நாள் போர் நிகழ்ந்தது. இருபுறத்தும் இலக்கக்கணக்கான மக்கள் ஊர்விட்டு அகன்றனர். ஆவணத்தின் சொல்லும் படமும் முரணுமிடத்து அதனை உரிய காலத்தே எடுத்துரையாமை, பின்வரும் தலைமுறையினரைத் துன்புறுத்தும் என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும்.