ஒரே சோதனை, மூன்று வாசல்கள்: தாம்பரத்திலிருந்து காசநோய்க் கண்டறிதலை மதிப்பிடல்

மூன்று வாரமாக இருமலும் மாலைக் காய்ச்சலுமாக ஒருவர் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்கு வருகிறார். தெருமுனையில் எக்ஸ்ரே வண்டி நிற்கிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னதால், உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதும் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வருகிறார் அருகிலுள்ள முடிச்சூர்க்காரர் ஒருவர். மூன்றாமவர் எச்.ஐ.வி. தொற்றோடு உடல் இளைத்து வார்டில் படுத்திருக்கிறார். மூவருக்கும் எடுப்பது அதே எக்ஸ்ரேதான், அதே சளிப் பரிசோதனைதான். ஆனால் வரும் முடிவுக்கு மூவரிடமும் ஒரே பொருள் இல்லை. ஒரு சோதனையின் துல்லியத்தை அது எந்த வாசலில் நிற்கிறது என்று சொல்லாமல் ஒற்றை எண்ணாக வெளியிடுவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோயுள்ளவரைத் தவறவிடாமல் பிடிக்கும் ஆற்றலை உணர்திறன் என்கிறோம். நோயில்லாதவரைச் சரியாக விலக்கும் ஆற்றலைத் தனித்தன்மை என்கிறோம். இவ்விரு சொற்களும் மருத்துவப் புள்ளியியலில் வேரூன்றியதே நெஞ்சு எக்ஸ்ரேயின் வழியாகத்தான். 1947இல் புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷால்மி எழுதிய கட்டுரை எக்ஸ்ரே முறைகளை ஒப்பிடவே இந்த அளவுகோல்களைக் கையாண்டது. தேர்ந்த மருத்துவர்கள் ஒரே படத்தைப் பார்த்து வெவ்வேறு முடிவு சொன்னார்கள். அதே படத்தை அதே மருத்துவர்களிடம் மறுபடி கொடுத்தபோது, முன்பு தாம் சொன்னதிலிருந்தே மாறினார்கள். அந்தச் சங்கடம் இன்றும் தீரவில்லை. ஆறிப்போன பழைய தழும்பையும் புது நோயையும் படத்தில் பிரித்தறிவது எளிதன்று.

சளியில் கிருமியையே நேரில் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று தோன்றும். சோதனை மேசையருகே நின்று பார்த்தால் அங்கும் இடறல்கள் உண்டு என்பது தெரியும். கண்ணாடித் தகட்டில் சளியைப் பூசி, சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி எழும்வரை அடியில் சூடுகாட்டுகிறார் பரிசோதகர். பிறகு அமிலத்தால் கழுவி நீலச் சாயம் இடுகிறார். நீலப் பரப்பில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தென்படுகின்றனவா என்று நூறு பார்வைப் புலங்களைத் தேட வேண்டும். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். ஆகவே நூறு புலங்களுக்குப் பதில் முப்பதோடு எழுந்துவிட்டால் சோதனையின் உணர்திறன் அந்த நாற்காலியிலேயே குறைந்துபோகும். நெஞ்சிலிருந்து காறி எடுத்த காலைச் சளிக்குப் பதில் டப்பாவில் வெறும் எச்சில் வந்தாலும் அப்படித்தான். எப்படித் துப்ப வேண்டும் என்று நோயாளிக்கு அரை நிமிடம் நின்று சொல்லிக்கொடுக்கும் ஊழியரும் சோதனைக் கருவியின் ஒரு பகுதியே. துல்லியம் பற்றிய ஆய்வுகளில் இவரைக் காணாதது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது.

டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய அந்தச் சானடோரியத்துக்கு 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். அப்போது பழைய அளவுகோல்கள் தடுமாறின. காசநோய் நுரையீரலில் குழி பறிப்பது உடலின் எதிர்ப்பாற்றல் கிருமியோடு மல்லுக்கு நிற்பதால்தான். குழி விழுந்தவரின் சளியில் கிருமிகள் கூட்டமாக வெளிவருகின்றன. எதிர்ப்பாற்றல் குன்றியவருக்குக் குழி விழுவது அரிது. படம் பெரிய மாற்றம் காட்டாமலும் இருக்கலாம், சளியிலும் கிருமி குறைவு. நோய் முற்றியிருக்கும்போதே இரு சோதனைகளும் ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடும். நுண்ணோக்கி மாறவில்லை, பார்ப்பவரும் மாறவில்லை. எதிரே வந்த நோயாளி மாறினார், உணர்திறனும் மாறிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் மூலக்கூறு சோதனை, மில்லிலிட்டருக்குச் சுமார் 130 கிருமிகள் இருந்தாலே கண்டுபிடிப்பதால் இந்த வாசலில் பெரிய துணையானது. ஆயினும் நுண்ணோக்கியில் கிருமி தெரியாதவர்களிடம் அதுவும் மூன்றில் ஒருவரைத் தவறவிடுகிறது.

இனி முடிச்சூர் வண்டிக்கு வருவோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வு, 15 வயதுக்கு மேற்பட்டோரில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருப்பதாகக் கணித்தது. எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் அவர்களில் 42.6 விழுக்காட்டினர் விடுபட்டிருப்பார்கள். ஆகவே வண்டி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதற்கட்டச் சல்லடைக்கு உலக சுகாதார நிறுவனம் 2014இல் வைத்த குறைந்தபட்ச அளவு 90 விழுக்காடு உணர்திறன், 70 விழுக்காடு தனித்தன்மை. லட்சம் பேரைச் சலித்தால் நோயுள்ள 284 பேர் சிக்குவார்கள். நோயில்லாத 29,905 பேரும் கூடவே சிக்குவார்கள். அத்தனை பேரிடமும் சளி வாங்கி, 90 விழுக்காடு உணர்திறனும் 99 விழுக்காடு தனித்தன்மையும் உள்ள மூலக்கூறு சோதனை செய்வதாக வைத்துக்கொள்வோம். 'காசநோய் உண்டு' என்று வரும் 555 முடிவுகளில் 299 பொய். அதே இயந்திரத்தைச் சானடோரியத்தில் வைத்து, சந்தேகத்தோடு வரும் ஆயிரம் பேரில் 200 பேருக்கு நோய் என்று கொண்டால், 188 முடிவுகளில் 8 மட்டுமே பொய்.

பொய்யான முடிவு தாளோடு நிற்பதில்லை. ஆறு மாத மருந்து, போகாத வேலை, பெண் பார்க்க வந்த வீட்டார் கேட்கும் கேள்வி எல்லாம் அதன் பின்னால் வரும். முன்பு சிகிச்சை எடுத்துக் குணமானவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனெனில் மூலக்கூறு சோதனை செத்த கிருமியின் எச்சத்தையும் கண்டுகொள்ளும். எனவே வண்டியில் வரும் நல்ல உடம்புக்காரரின் முடிவை இரண்டாவது சளி மாதிரியாலும் வளர்ப்புச் சோதனையாலும் உறுதிசெய்த பிறகே நோயாளி என்று எழுத வேண்டும்.

இந்த ஒழுங்கை விட்டால் என்னவாகும் என்பதற்கு இரத்தப் பரிசோதனை ஒரு பாடம். காசநோய்க்கான எதிர்ப்புரதச் சோதனைகள் இந்தியத் தனியார் ஆய்வகங்களில் ஆண்டுக்கணக்கில் விற்கப்பட்டன. சளி டப்பா வேண்டாம், ஊசி போதும் என்பது நோயாளிக்கு வசதி, ஆய்வகத்துக்கு வருமானம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சில சோதனைகளின் உணர்திறன் சுழியத்திலிருந்து 100 வரை அலைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2012 ஜூனில் இந்திய அரசு தடை விதித்தது. அதுவரை பணம் கொடுத்துத் தவறான பதில் வாங்கியவர்களுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

நான்காவது வாசல் ஒன்று இருக்கிறது. நோய் இன்னதென்று தெரிந்த பிறகும் சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களிலேயே இறப்புகள் குவிகின்றன. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இங்கே கேட்பது வேறு கேள்வி: இவரை இன்றே படுக்கையில் சேர்க்க வேண்டுமா? உயரம், எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பது, அவ்வளவுதான். ஆய்வகம் தேவையில்லை, செவிலியரே பார்த்துவிடலாம். உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே போனால் அதுவே கடும் நிலை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 36 கிலோ. இதுவும் ஒரு கண்டறிதல் சோதனைதான். இதன் உணர்திறனை எக்ஸ்ரே படத்தோடு ஒப்பிட்டு அளக்க முடியாது. இந்த அளவுகளில் தேறி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் அறுபதாம் நாள் உயிரோடு இருந்தார்கள் என்று எண்ணித்தான் அளக்க வேண்டும்.