பெட்ரோ சமோரா: ஒரு 22 வயசு வாத்தியார்

ரியாலிட்டி ஷோன்னாலே எனக்கு அலர்ஜி. ஆனா ஒண்ணே ஒண்ணை மட்டும் மன்னிச்சு விட்டுடுவேன், பெட்ரோ சமோராவுக்காக.

1972ல் கியூபாவில் பிறந்தவர். 1980ல் மரியெல் துறைமுகத்தில் படகேறி, குடும்பத்தோடு அமெரிக்கா வந்து மயாமியில் வளர்ந்தார். பள்ளியில் ரத்ததானம் செய்யப்போய், அதன் மூலமா தனக்கு எச்.ஐ.வி இருப்பது தெரிஞ்சபோது வயசு 17.

மனுஷன் மூலையில் முடங்கலை. பள்ளி பள்ளியாப் போய் ஆணுறை பற்றியும் பாதுகாப்பான உடலுறவு பற்றியும் ஒளிவுமறைவில்லாம பேசினார். (பெரியவங்க தொண்டையைச் செருமிக்கிட்டு நழுவுற சமாச்சாரம் ஆச்சே!) 1993ல் அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி முன்னால் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: என்னை மாதிரி தன்பாலீர்ப்பு உள்ள இளைஞனுக்குச் சேதி போய்ச் சேரணும்னா, எனக்குப் புரியுற பேச்சில் சொல்லுங்க.

பள்ளி பள்ளியா அலைஞ்சா எத்தனை பேரைப் பார்க்க முடியும்? அதனால 1994ல் எம்.டி.வி.யின் 'தி ரியல் வேர்ல்ட்' நிகழ்ச்சிக்காக சான்பிரான்சிஸ்கோ வீட்டுக்குள் போனார். கூட இருக்கவே பயந்த வீட்டுக்காரங்களுக்கும் பாடம் எடுத்தார். எச்.ஐ.வி உள்ள இன்னொரு பிரச்சாரகரான ஷான் சாஸரோடு கேமரா முன்னாலேயே மோதிரம் மாத்திக்கிட்டார். அந்தக் காலத்து டிவியில் அது சாதாரண விஷயமில்லீங்க.

கடைசிப் பகுதி ஒளிபரப்பானது 1994 நவம்பர் 10. மறுநாள் பெட்ரோ இறந்துட்டார். வயசு 22. உயிரைக் காப்பாத்துற கூட்டு மருந்து சிகிச்சை பரவலா வந்தது 1996ல்.

அவர் ஒத்துக்கிட்டிருந்த கூட்டங்களுக்கு, அவரோட அறைத் தோழர் ஜட் வினிக் போய்ப் பேசினார்.